விரலைத் தூக்கிய வெள்ளை நாடா

அவர் விரலைத் தூக்கவில்லை. தூக்க முடியாமல்தான் அந்த மேஜை மேல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் விரல் எழுந்தது.

டாக்டர் செய்தது இவ்வளவுதான். புறங்கையில் இருந்த வெட்டுக்குள் மெல்லிய இடுக்கி ஒன்றை விட்டு, விரல் பக்கமாகக் கிடந்த ஒரு வெள்ளை நாடாவின் நுனியைப் பிடித்தார். பிடித்து, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். அதுவரை செத்தது போலத் தொங்கிக்கொண்டிருந்த ஆள்காட்டி விரல், வகுப்பில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்தது. நாடாவை விட்டார். விரல் விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி நிமிர்ந்தது.

அந்தக் கையின் மணிக்கட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலைந்து மாதம் இருக்கும். பகல் வெளிச்சத்தில், இன்னொருவர் முன்னால், அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிடித்த அன்றைக்கே உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன்.

மீமிசலிலிருந்து புதுக்கோட்டைக்கு மருமகளாக வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பேத்தி, தாத்தாவைப் பற்றி நல்லதாக ஒரு வரிகூட இல்லையே என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அதனால் இந்த வாரம் முழுக்க அவரைப் பற்றித்தான். நல்லதா கெட்டதா என்பதைப் படிக்கிறவர்கள் சொல்லட்டும்.

எண்ணெய் போட்ட கத்தரி

எங்கள் வீட்டுக்காரர் தையற்காரர். கீழ ராஜ வீதியில் ஒரு மெஷினும் ஒரு வெட்டுப் பலகையும் போட்ட சின்னக் கடை. யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள், ஆனால் ஆளுக்கு இத்தனை கெஜம்தான் என்கிற துணிக் கன்ட்ரோல் முடியவில்லை. கால் கடுக்க நின்று வாங்கிய நாலு கெஜத் துணியை ஜனங்கள் பிறந்த குழந்தையைக் கொடுப்பது போல இவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பனுக்குச் சட்டை வெட்டுகிற துணியிலேயே மகனுக்கும் ஒரு சட்டையைத் தேற்றிவிடுவார் என்று இவருக்குப் பெயர்.

அந்தப் பெயர் அவருடைய தலைக்கும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. தைப்பதை யாரும் செய்யலாம், வெட்டுவதுதான் வேலை என்பார். வீட்டில் அதிகம் பேச மாட்டார். என்னிடம் சுத்தமாகப் பேச மாட்டார். சோறு போடு, தண்ணி கொண்டா, விளக்கை அணை, இவைதாம் எங்கள் இல்லறத்தின் மொத்த உரையாடல்.

புரட்டாசிக் கடைசி. தீபாவளித் துணிகள் வந்து குவிகிற சமயம். வயிறு மந்தமாக இருக்கிறது என்று பக்கத்துக் கடையில் கோலி சோடா எடுக்கப் போயிருக்கிறார். ஈரச் சாக்கு போட்டு மூடிய மரப்பெட்டிக்குள் கையை விட்டபோது, புட்டிகள் ஒன்றோடொன்று இடித்து ஒரு புட்டி வெடித்துவிட்டது. கண்ணாடிச் சில் ஒன்று வலது புறங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

காயம் பெரிதில்லை. ஒரு விரல் நீளம்கூட வராது. வெட்டித் தள்ளிய துணித்துண்டு ஒன்றை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, திரும்பவும் பலகைக்கு வந்து கத்தரியைப் பிடித்திருக்கிறார். அதே நேரத்துக்குத்தான் நான் மதியச் சோற்றுத் தூக்கோடு கடை வாசலில் போய் நின்றேன்.

அவர் கத்தரியை அமுக்கினார். மூடியது. ஆனால் திறக்கவில்லை.

கத்தரி இறுகிவிட்டது என்றுதான் அவரும் நினைத்தார். மெஷின் எண்ணெயை எடுத்துத் திருகாணியில் இரண்டு சொட்டு விட்டார். இடது கையால் திறந்து மூடிப் பார்த்தார். நன்றாகத்தான் திறந்தது. வலது கைக்கு மாற்றினார். மூடியது, அவ்வளவுதான். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கவிழ்த்து நீட்டிப் பார்த்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் நேராக நின்றன. ஆள்காட்டியும் நடுவிரலும் கீழே தொங்கின. தூக்கு தூக்கு என்று அவர் முகம் முழுக்கச் சொல்லிற்று. அவை தூங்குவது போல இருந்தன.

அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கத்தரியை மூடுவது ஒரு வேலை, திறப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்வது ஒரே கைதான், ஆனால் செய்கிற ஆட்கள் வேறு. திறக்கிற ஆள் அன்றைக்கு அறுபட்டுப் போயிருந்தான்.

வீதியில் கூட்டம் கூடிவிட்டது. நரம்பு போச்சு என்றார் ஒருவர். எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்றார் இன்னொருவர். இவர் யாரையும் பார்க்கவில்லை. வெட்டுப் பலகையில் அளவு போட்டு வைத்திருந்த துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்குக் கத்தரி போனால் வேறு எதுவும் மிச்சமில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

கம்பவுண்டர் இல்லாத நாள்

பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய டாக்டர் ஒருவர் வடக்கு வீதிக்கு அப்பால் வீட்டிலேயே வைத்தியம் பார்த்தார். மூக்கு நுனியில் கோபம். நோயாளிகளை அதட்டியே பாதி குணப்படுத்துவார் என்பார்கள். நாங்கள் போன அன்று அவருடைய கம்பவுண்டர் தங்கைக்குப் பிரசவம் என்று கீரனூர் பஸ் ஏறிப் போய்விட்டார். டாக்டர் காயத்தைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மயக்கம் போட மாட்டியே?”

மாட்டேன் என்று தலையாட்டினேன். கடற்கரையில் பிறந்தவள், சுறா அறுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். கை கழுவச் சொன்னார். தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்படித்தான் நான் அந்த மேஜைக்கு வந்து சேர்ந்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டார். முழங்கைக்கு மேலே ரப்பர்ப் பட்டை கட்டினார். காயத்தைக் கொஞ்சம் நீட்டித் திறந்தார். இவரை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னதற்கு, என் கையில் வெட்டுகிறபோது நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று இவர் சொன்னார். டாக்டர் முறைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

உள்ளே நான் எதிர்பார்த்தது சதையும் ரத்தமும்தான். பார்த்தது வேறு. வெள்ளை வெளேரென்று, பட்டு நாடா போல மினுங்கிக்கொண்டு, அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரு அழுக்குகூட ஒட்டாமல் கிடந்தது. அதன் நுனியை இழுத்தபோதுதான், முதலில் சொன்னேனே, விரல் எழுந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளாது.

அது ஒரு நுனி. அறுந்த இன்னொரு நுனி எங்கே? டாக்டர் இவரை விரலைத் தூக்க முயற்சி பண்ணச் சொன்னார். இவர் மூச்சைப் பிடித்தார். விரல் அசையவில்லை. ஆனால் காயத்தின் மணிக்கட்டுப் பக்க விளிம்பில் என்னவோ அசைந்தது. இவர் முயற்சியை விட்டதும் அந்த இன்னொரு நுனி வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்ப்பது போல வெளியே தலை காட்டியது. மறுபடி தூக்கச் சொன்னார், உள்ளே ஓடி ஒளிந்தது.

டாக்டர் அதை லாவகமாகப் பிடித்தார். பிடித்த பிறகு அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபக்காரர், என்னைப் பார்த்துப் பேசினார்.

“விரல்ல சதையே கிடையாதும்மா, தெரியுமா? தூக்குற சதை எல்லாம் இங்க மேல இருக்கு. இங்கருந்து கயிறு போகுது, அங்கிட்டு விரல் எந்திரிக்குது.”

இங்க என்று அவர் முழங்கையால் காட்டியது இவருடைய முன்கையை. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். கோலம் போடுகிற விரல், மாவு பிசைகிற விரல், எல்லாம் தானாக ஆடுகிறது என்று நினைத்திருந்தேன். எங்கோ மேலே உட்கார்ந்திருக்கிற ஒருவன் கயிற்றை இழுக்கிறான், இங்கே விரல் ஆடுகிறது. இத்தனை காலம் என் உடம்போடு இருந்தும் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

நடுவிரலின் நாடாவையும் அதேபோலத் தேடிப் பிடித்து, வளைந்த ஊசியில் கறுப்புப் பட்டு நூல் கோத்து இரண்டு நாடாக்களையும் தைத்தார். பார்த்துக்கொண்டிருந்த தையற்காரர் சும்மா இருப்பாரா? நேராகக் குத்தினால் இழையோடு பிரித்துக்கொண்டு வந்துவிடுமே என்று முணுமுணுத்தார். அதற்காகத்தான் குறுக்கே வாங்கிப் போடுகிறேன், சும்மா இரு என்றார் டாக்டர். இவர் எட்டிப் பார்த்து, சரிதான் என்பது போலத் தலையசைத்தார். காயத்தின் மேல் சீழ் பிடிக்காமலிருக்கச் சல்ஃபா பொடியைத் தூவி, முன்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு பலகை வைத்து, விரல்கள் நிமிர்ந்தே இருக்கும்படி கட்டினார். கட்டி முடித்துவிட்டு இவருடைய முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார்.

“நூல் சும்மா பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கும். ஒட்டுறது ஒடம்போட வேலை. அது ஒட்டுற வரைக்கும் விரல் மடங்கக் கூடாது. ஒரு தடவை மடங்கினாலும் போச்சு.”

ஆட்டுக்காலும் கோழிக்காலும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். பத்திரிகைக்காரர்கள் நீளம் பார்ப்பார்கள், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அன்றிரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளை நாடாவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, நூறு தடவை.

மீமிசலில் கோழி அடித்தால் காலை வெட்டிப் போடுவார்கள். அந்தக் காலுக்காக எனக்கும் என் தம்பிக்கும் அடிபிடி நடக்கும். வெட்டிய இடத்தில் ஒரு வெள்ளை நூல் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பல்லால் கடித்து இழுத்தால் கோழியின் விரல்கள் படக்கென்று மடங்கும். செத்த கோழி பிடிக்க வருகிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் துரத்துவோம். எங்கள் ஆத்தா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எங்களைத் துரத்துவாள். கோழிக்கு இருப்பது எனக்கும் இருக்கும் என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு அடுப்படியில் என் கண்ணே மாறிவிட்டது. ஆட்டுக்கால் வாங்கி வந்தால் சூப்பு வைப்பதை விட்டுவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். சதை முடிகிற இடத்தில் மெல்ல மெல்ல வெளுத்து, நாராகி, அந்த நார் போய் எலும்பில் சேர்கிறது. எந்த இடத்தில் சதை முடிந்து நார் தொடங்குகிறது, எந்த இடத்தில் நார் முடிந்து எலும்பு தொடங்குகிறது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஒட்டுப் போட்ட அடையாளமே இல்லை. நாரை இழுத்துப் பார்த்தால், எலும்பு வந்தாலும் வரும், நார் பிரியாது.

மூட்டில் வேறொரு கட்டு இருக்கிறது. அது எலும்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருப்பது. அரிவாள்மனையில் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டு போகும். எலும்பு அசையவும் வேண்டும், கழன்று விழவும் கூடாது. இரண்டையும் அது பார்த்துக்கொள்கிறது. அப்படிப்பட்டது ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்தால் குழைந்து, மறுநாள் உதடு ஒட்டுகிற சாறாகிவிடுகிறது. எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, நான் காலை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்பது கடைசி வரை விளங்கவில்லை.

வெகுகாலம் கழித்து என் மகனின் பாடப்புத்தகத்தில் தசைநார் என்ற வார்த்தையைப் பார்த்தேன். இரண்டு வரிதான் எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபமாக வந்தது. இதற்கு இரண்டு வரி போதுமா?

தலை தீபாவளி

கட்டுப் போட்ட வலது கையோடு சாப்பிடுவது எப்படி? இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடலாமே என்றார் டாக்டர். பட்டாளத்தில் இருந்தவர், எது வேண்டுமானாலும் சொல்வார். இவர் பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே தவிர இடது கையைச் சோற்றுக்குக் கொண்டு போக மாட்டார்.

வீட்டில் அதற்கு வழி பிறந்தது. அத்தை உருட்டி உருட்டி ஊட்டினார்கள். பெற்ற தாய் ஊட்டுவதில் யாருக்கும் கூச்சமில்லை. மகன் திரும்பவும் மடிக்கு வந்துவிட்ட மாதிரி அவர்களுக்கு ஒரே பெருமை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது என்பதை இப்போது சொன்னால் என்ன?

இதற்கு நடுவே தீபாவளி வந்தது. எங்களுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் ஊர் வாயை மூட முடியாது. டாக்டரிடம் கேட்டதற்கு, போகலாம், கை மடங்காமல் இருந்தால் சரி என்றார். மீமிசலுக்குப் போனோம்.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுகூட வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் குளித்தார். அவ்வளவு கவனம். ஆத்தா முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். மாப்பிள்ளைக்கு உள்ளறையில் தனியாக இலை போட்டுவிடுவது, கதவைச் சாத்திக்கொண்டு நான் ஊட்டுவது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. புது மாப்பிள்ளையை உள்ளறையில் ஒளித்து வைத்துச் சோறு போடுவதா என்று அவருக்கு. பந்தியில் தலை இலையை மாப்பிள்ளைக்குப் போட்டார். வரிசையாகச் சித்தப்பாமார், பங்காளிகள். கைபிடித்து அழைத்துக்கொண்டு வந்து உட்காரவும் வைத்துவிட்டார். பாவம், கௌரவம் செய்கிறோம் என்றுதான் செய்தார்.

எங்கள் பக்கத்தில் தலை தீபாவளிப் பந்தியில் மாப்பிள்ளை இலையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். கறிக்குழம்பு ஊற்றியாயிற்று. ஆவி பறக்கிறது. இவர் கை வைக்கவில்லை. அதனால் யாரும் கை வைக்கவில்லை. மாமனார் முன்னால், அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால், பெண்டாட்டி வந்து ஊட்டுவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம்.

நான் கொல்லையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். தட்டோடு உள்ளே வருகிறபோது பலகை இலைக்குப் பக்கத்தில் கிடந்தது. கட்டுத்துணி அதன் மேல் சுற்றி வைத்திருந்தது. இவர் ஐந்து விரலையும் சேர்த்துச் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கை கழுவக் கிணற்றடிக்கு வந்தவரைப் பின்னாலேயே போய்ப் பிடித்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரல் நின்றது. நடுவிரல் தொங்கியது.

“கறியில எலும்பைப் பிரிக்கையில உள்ள என்னமோ விட்டுப்போச்சு,” என்றார். “அத்தனை பேரும் எலையில கை வைக்காம ஒக்காந்திருக்காங்க. என்னைய என்ன செய்யச் சொல்ற?”

யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. முந்தானையைக் கிழித்துக் கையைப் பலகையோடு கட்டிவிட்டு, நேரே அப்பாவிடம் போய், உங்கள் பந்தியில் என் வீட்டுக்காரர் விரல் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே நின்றார். அவரை அதற்கு மேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கரி பஸ்

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். பெட்ரோல் இல்லாத காலம், பின்னால் அடுப்பு கட்டிய கரி பஸ். ஒவ்வொரு ஊரிலும் நிறுத்திக் கரியைக் கிண்டிவிட்டு, விசிறியைச் சுற்றி, நம்மை எல்லாம் கரும்புகையில் குளிப்பாட்டிவிட்டுத்தான் நகரும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல்களுக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். அறந்தாங்கி தாண்டியது.

“இனிமே வெட்ட முடியாதா?” என்றார் திடீரென்று.

பதில் வேண்டி என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை எல்லாம் உத்தரவுதான். தெரியலீங்க என்றேன். வேறு எதுவும் சொல்லியிருந்தால் அது பொய்.

டாக்டர் கத்துவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கட்டைப் பிரித்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, மறுபடி மேஜையில் உட்கார வைத்தார். அன்றைக்குக் கம்பவுண்டர் இருந்தார். இருந்தும் என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

உள்ளே ஆள்காட்டி விரலின் நாடாவை முதலில் பார்த்தேன். முன்பு கறுப்பு நூல் மட்டும் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டிருந்த இடம் அது. இப்போது அங்கே இடைவெளி இல்லை. வெளிர் நிறத்தில் புதிதாக என்னவோ வளர்ந்து, நூலையே மூடிக்கொண்டு, இந்த நுனியையும் அந்த நுனியையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டும், பலகாரம் சுட்டுக்கொண்டும், பஸ்ஸில் குலுங்கிக்கொண்டும் இருந்த நாட்களில், அந்த இருட்டுக்குள் உடம்பு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் நாரைத் தானே நெய்துகொண்டிருந்திருக்கிறது. நான் கைகூப்பிவிட்டேன். அவர் கையைத் தொட்டுவிடாதே, மருந்துவிட்டுக் கழுவிய கை என்று கம்பவுண்டர் அதட்டினார்.

நடுவிரல் அப்படி இல்லை. தையல் பிய்ந்து, மேல் நுனி குஞ்சம் மாதிரி பிரிந்து போயிருந்தது. இழுத்தால் எட்டவுமில்லை. டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு இவரிடம் சொன்னார்.

“இந்த விரலுக்குச் சொந்த இழுவை இனிமே கிடையாதுய்யா. பக்கத்துல மோதிர விரலோட கயிறு நல்லா இருக்கு. இதை அதோட சேத்துத் தச்சுடுறேன். அது எந்திரிச்சா இதுவும் கூடவே எந்திரிக்கணும்.”

“அது ஒத்துக்குமா?” என்று இவர் கேட்டார்.

“அதைக் கேட்டுச் சொல்லத்தான் ஒரு மாசம் ஆகும்.”

அந்த ஒரு மாதம்

வீட்டுக்கு வந்த அன்று அத்தை இலையைப் போட்டுச் சோற்றைப் பிசைய உட்கார்ந்தார்கள். இனிமேல் நான் கொடுக்கிறேன் அத்தை என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு இலையை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். என் மாமனார் வந்தாலும், விருந்தாளி வந்தாலும், நான் நகரவில்லை. பந்தியில் வெட்கப்பட்டு ஒரு விரலைக் கொடுத்தாயிற்று, இன்னொன்றையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

வாயில் சோற்றை வைத்துக்கொண்டு முறைக்க முடியாது என்பதை அந்த மாதத்தில் அவர் கற்றுக்கொண்டார். உப்பு கம்மி என்று ஆரம்பித்துக் கடைத் தெருக் கதை வரை பேச்சு வளர்ந்தது. பேசாத மனிதர் என்று நினைத்தேனே, ஊட்டுகிறபோது நிறுத்தாமல் பேசினார்.

ஆனால் பகலில் கடைக்குப் போய்விட்டு வரும்போது முகம் செத்துப்போயிருக்கும். தீபாவளித் துணிகளை முன்பே எடுத்துப் போய்விட்டார்கள். பொங்கலுக்கு என்று கொடுத்து வைத்த இரண்டொருவரும் வந்து, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியே எடுத்துக்கொண்டு போனார்கள். வெட்டுப் பலகை காலியாகக் கிடந்தது. கத்தரியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு வந்துவிட்டார். கீழ ராஜ வீதியில் யாரிடமாவது பித்தான் துளைக்குக் காஜா எடுக்கிற வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பக்கத்து விரல்

மார்கழிக் குளிர். கட்டைப் பிரித்தபோது கை அவருடைய கை மாதிரியே இல்லை. தோல் உரிந்து, வீங்கி, கட்டை போல விறைத்துக் கிடந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். இனி தினம் தினம் வீட்டில் பழக்க வேண்டும், இவர் சும்மா தோளை உலுக்கிவிட்டுத் தூக்கினேன் என்பார், உண்மையிலேயே இழுக்கிறாரா என்று தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். என் இடது உள்ளங்கையை எடுத்து இவருடைய முன்கையில், முழங்கைக்குக் கீழே வைத்தார். வலது கையின் இரண்டு விரல்களைப் புறங்கையில், தையல் தழும்புக்கு மேல் வைத்தார்.

முதலில் ஆள்காட்டி விரல். நடுங்கிக்கொண்டே ஒரு அரிசி உயரம் எழுந்தது. டாக்டர் ம் என்றார்.

அடுத்து மோதிர விரலைத் தூக்கச் சொன்னார். நடுவிரலை மறந்துவிடு, அதை நினைக்கவே நினைக்காதே என்றார். இவர் தூக்கினார். ஒன்றும் அசையவில்லை. நடுவிரல்தான் அசையவில்லை என்றால் பரவாயில்லை, நல்ல விரலான மோதிர விரலும் அசையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. மறுபடியும் என்றார் டாக்டர். இல்லை. மறுபடியும். இல்லை. இவர் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. டாக்டர் குனிந்து, விரல் நுனிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதையும் கெடுத்துவிட்டோமோ என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது.

இவர் கண்களை மூடிக்கொண்டார். பார்க்க முடியாமல் மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன். மூடிக்கொண்டு இன்னும் ஒரு தடவை முயன்றார்.

அப்போது என் இடது உள்ளங்கைக்கு அடியில் என்னவோ புரண்டது. தோலுக்குக் கீழே, முழங்கைக்குப் பக்கத்தில், சதை திரண்டு இறுகிற்று. அங்கேயே நிற்கவில்லை. அந்த இழுப்பு முன்கை முழுக்க இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி வந்தது. என் வலது கை விரல்களுக்கு அடியில், அந்தத் தழும்புக்குக் கீழே, இரண்டு கயிறுகள் ஒன்றாக நகர்ந்தன. இரண்டாக இல்லை, ஒன்றாக. விரல்கள் இன்னும் அசையவே இல்லை. டாக்டர் இன்னும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வருது,” என்றேன்.

எங்கே என்று கேட்டு டாக்டர் நிமிர்ந்தார். இவர் கண்ணைத் திறந்தார். மேஜையின் மேல் மோதிர விரலும், அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவிரலும், இரண்டும் சேர்ந்து எழுந்தன.